தங்கத் தாதுவில் ஒரே பையின் இரண்டு மாதிரிகள் வேறு வேறு மதிப்பைத் தருவது ஏன்?

வெண்கல் (கேள்வி):

குவார்ட்ஸ் நரம்புகளில் தங்கம் உள்ள ஒரு படிவத்தில் ஆர்.சி. துளையிடல் (பாறையைத் துகளாக்கி, காற்றழுத்தத்தால் குழாயின் உள்வழியே மேலே கொண்டுவரும் முறை) நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 40 கிலோ துகள் வெளிவருகிறது. அதை ரிஃபிள் ஸ்பிளிட்டரில் (பல கால்வாய்கள் வழியே துகளை இரண்டு பக்கமும் பங்கிடும் பெட்டி) பிரித்து 3 கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். மீதியைப் பையில் கட்டி வைக்கிறோம். ஆய்வகத்தில் அந்த 3 கிலோவை உலர்த்தி, 2 மில்லிமீட்டருக்கு உடைத்து, அதில் 250 கிராமைப் பிரித்தெடுத்து, 85 விழுக்காடு 75 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் அளவுக்கு அரைத்து, கடைசியில் 30 கிராமை ஃபயர் அஸ்ஸே (உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் ஆய்வு) செய்கிறார்கள்.

ஒரு பைக்கு டன்னுக்கு 2.41 கிராம் என்று முடிவு வந்தது. அதே பையிலிருந்து மறுபடியும் பிரித்து அனுப்பியபோது 7.86 வந்தது. மூன்றாவது முறை 1.12. ஆய்வகத்தை மாற்றிவிட வேண்டும் என்று மேலாளர் சொல்கிறார். தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரோ, தங்களுடைய நகல் மாதிரிகள் பெரும்பாலும் சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போவதாகச் சொல்கிறார். இரண்டு தசம இடம் வரை அச்சிட்டுத் தரப்படும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? தவறு ஆய்வகத்திலா, எங்கள் தரப்பிலா, தாதுவிலா?

உலைமேசை:

ஆய்வகத்தை மாற்றுவதற்கு முன், அந்த 30 கிராமுக்குள் எத்தனை தங்கத் துணுக்குகள் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். தாதுவின் உண்மையான தரம் டன்னுக்கு 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 கிராமில் இருக்க வேண்டிய தங்கம் 90 மைக்ரோகிராம். தங்கத்தின் அடர்த்தி 19.3 என்பதால், 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான ஒரு துணுக்கின் எடை ஏறக்குறைய 10 மைக்ரோகிராம். அப்படியானால் சராசரியாக ஒன்பது துணுக்குகள்தான் அந்த மூசைக்குள் (உருக்கும் பாத்திரம்) போகின்றன. இப்படிச் சிதறிக் கிடக்கும் துணுக்குகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலை (அபூர்வமாக அகப்படுபவற்றின் எண்ணிக்கைக்கான புள்ளியியல் விதி) பின்பற்றுவதால், சார்புத் திட்ட விலக்கம், அதாவது சராசரியோடு ஒப்பிட்ட சிதறல், ஒன்பதின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக, அதாவது சுமார் 33 விழுக்காடாக இருக்கும். துணுக்கின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் ஆனால் எடை எட்டு மடங்காகி 81 மைக்ரோகிராமை எட்டிவிடும். அப்போது 30 கிராமுக்கு ஒரே ஒரு துணுக்குதான் சராசரி. மூன்று முறை எடுத்தால் ஒரு முறை அதுவும் அகப்படாது. உலையில் வேலை பார்ப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மூசைக்குள் வராத தங்கத்தை அவர் அளக்க முடியாது.

இதைவிடக் கவலைக்குரிய இடம் அதற்கு முந்தைய படி. 2 மில்லிமீட்டருக்கு உடைத்த நிலையில் 3 கிலோவை 250 கிராமாகக் குறைக்கிறார்கள் அல்லவா? கரடுமுரடான தங்கம் உள்ள நரம்புகளில் 0.5 மில்லிமீட்டர் துணுக்குகள் அபூர்வமல்ல. அத்தகைய ஒரு துணுக்கு 1.26 மில்லிகிராம் இருக்கும். 3 கிராம் தரத்தில் 250 கிராமுக்குள் இருக்க வேண்டிய மொத்தத் தங்கமே 0.75 மில்லிகிராம்தான். தங்கம் முழுவதும் அந்த அளவுத் துணுக்குகளாக இருந்தால், பாதிக்கும் மேற்பட்ட பொட்டலங்களில் ஒன்றுகூட இராது. ஒன்று வந்துவிட்ட பொட்டலமோ டன்னுக்கு 5 கிராம் என்று காட்டும். உண்மையில் தங்கம் பல அளவுகளில் கலந்திருப்பதால் நிலைமை இத்தனை மோசமாக இருக்காது. ஆனாலும் உங்கள் 2.41, 7.86, 1.12 மூன்றும் இந்தக் கணக்குக்கு நன்றாகவே பொருந்துகின்றன.

பிரான்ஸைச் சேர்ந்த பியர் கீ 1950களிலிருந்து இதற்கென ஒரு முழுக் கோட்பாட்டையே உருவாக்கினார். அவருடைய சூத்திரத்தின் சாரம் இதுதான்: மாதிரியெடுப்பின் அடிப்படைப் பிழையின் வர்க்கம், மாதிரியின் நிறைக்குத் தலைகீழ் விகிதத்திலும், மிகப் பெரிய துகள்களின் விட்டத்தின் மும்மடிக்கு (மூன்றாம் அடுக்குக்கு) நேர்விகிதத்திலும் அமைகிறது. துகள் அளவைப் பாதியாக்கினால், அதே துல்லியத்துக்கு எட்டில் ஒரு பங்கு நிறை போதும் என்பது இதன் நேரடிப் பொருள். தங்கம் கல்லிலிருந்து முழுமையாக விடுபடாத நிலையில் இந்த அடுக்கு மூன்றைவிடக் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிரிப்பதற்கு முன் நுணுக்க வேண்டும் என்ற வழி மாறாது. எனவே 3 கிலோ முழுவதையும் பெரிய பல்வரைசரில் (மாவாக அரைக்கும் இயந்திரம்) அரைத்துவிட்டு, அதன் பிறகு பிரிக்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள். செலவு கூடும், ஆனால் இந்தச் சங்கிலியில் மிகவும் பலவீனமான கண்ணி அதுதான்.

ஒன்று மட்டும் கூடுதலாக. பிழைகள் நேராகக் கூடுவதில்லை; அவற்றின் வர்க்கங்கள்தாம் கூடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டுக்கு, களத்தில் பிரிப்பதில் 25, ஆய்வகத்தில் மாதிரி தயாரிப்பதில் 10, பகுப்பாய்வில் 3 விழுக்காடு பிழை என்று வைத்தால், மொத்தம் 27.1 விழுக்காடு வரும். உலகிலேயே சிறந்த கருவியை வாங்கி அந்த 3ஐ அடியோடு ஒழித்தாலும் மொத்தம் 26.9க்குத்தான் இறங்கும். இரண்டாவது தசம இடத்தைப் பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சல்லடை75:

உலைமேசையின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும், ஒவ்வொரு துகளுக்கும் மாதிரிக்குள் வரச் சம வாய்ப்பு இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. களத்தில் அது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, தங்கம் அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். பையை வண்டியில் ஏற்றி இறக்கும்போதே கனமானவையும் நுண்ணியவையும் அடிக்கு இறங்கிவிடுகின்றன. அந்தப் பையின் வாயைத் திறந்து மேலாகக் கரண்டியால் அள்ளினால் கிடைப்பது மாதிரியல்ல, கைக்கு எட்டிய கல். இந்த வகைப் பிழை நிறையைக் கூட்டினாலும் குறையாது. தவறான மதிப்பையே இன்னும் உறுதியாகச் சொல்லும்.

ரிஃபிள் ஸ்பிளிட்டர் வைத்திருக்கிறோம் என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடாது. அதன் கால்வாய்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில், எல்லாம் ஒரே அகலத்தில், மிகப் பெரிய துகளைப்போல் குறைந்தது இரண்டு மூன்று மடங்கு அகலத்தில் இருக்க வேண்டும். ஸ்பிளிட்டரின் முழு அகலத்துக்கும் பொருந்தும் தட்டிலிருந்து, ஒரே சீராக, மெதுவாகக் கொட்ட வேண்டும். வாளியால் நடுவில் கவிழ்த்தால் நடுக் கால்வாய்களுக்குள் போவதும் ஓரக் கால்வாய்களுக்குள் போவதும் வேறு வேறு பொருளாகிவிடும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: இரண்டு பக்கப் பெட்டிகளையும் ஒவ்வொரு முறையும் எடைபோடுங்கள். தொடர்ந்து ஒரு பக்கமே கனத்தால் கருவியோ கையோ சரியில்லை.

அதோடு, ஒவ்வொரு மீட்டரின் மொத்த எடையையும் குறித்து வையுங்கள். துளையின் விட்டத்தையும் பாறையின் அடர்த்தியையும் கொண்டு எதிர்பார்க்கும் எடையைக் கணக்கிடலாம். 40 கிலோ வர வேண்டிய இடத்தில் 25 கிலோ வந்தால், மீதி எங்கே போனது என்பதை ஆய்வகம் சொல்லாது. துகளையும் காற்றையும் பிரிக்கும் சைக்ளோனிலிருந்து தூசியாகப் பறந்ததில் தங்கம் இருந்திருக்கலாம். துளையின் அடியில் தங்கிவிட்டு அடுத்த மீட்டரோடு கலந்து வந்திருக்கவும் கூடும்.

  

வெண்கல்:

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்துக் களத்தில் விசாரித்தேன். துகள் ஈரமாக வரும் மீட்டர்களில் ஸ்பிளிட்டர் அடைத்துக்கொள்வதால், பையிலிருந்து நேராகக் குழாயைச் செருகி எடுத்துவிடுகிறார்கள். நான் குறிப்பிட்ட பை அப்படிப்பட்டதுதானா என்று பதிவேட்டிலிருந்து தெரியவில்லை. ஈரமா உலர்ந்ததா என்று எழுதும் பழக்கமே இல்லை. தாமிரத்துக்கும் தங்கத்துக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மாதிரி எடுக்கும் முறை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதானே?

தாதுக்கணக்கு:

முறை ஒன்றாக இருக்கலாம், பொருள் ஒன்றல்ல. கீயின் சூத்திரத்தில் கனிமக் கலவையைக் குறிக்கும் ஒரு காரணி இருக்கிறது; அது கூடக்கூடப் பிழையும் கூடும். 1 விழுக்காடு தாமிரம் உள்ள தாதுவில் அது சால்கோபைரைட்டாக இருந்தால், அந்தக் கனிமத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தாமிரம் என்பதால், பாறையின் நிறையில் ஏறத்தாழ 2.9 விழுக்காடு சால்கோபைரைட் இருக்கும். அதற்கு இந்தக் காரணி சுமார் 140. டன்னுக்கு 3 கிராம் தங்கத்துக்கு அதே காரணி ஏறத்தாழ 64 லட்சம். தாமிரக் கனிமம் பாறையெங்கும் பொடிப்பொடியாகப் பரவியிருக்கும். ஒரு கைப்பிடிக்குள் ஆயிரக்கணக்கான மணிகள். தங்கமோ பத்து லட்சத்தில் மூன்று பங்கு, அதுவும் சில துணுக்குகளில் குவிந்து கிடக்கிறது. உங்கள் நண்பர் சொல்வது அவருடைய தாதுவுக்குச் சரி. அதை அளவுகோலாக வைத்து உங்கள் ஆய்வகத்தை எடைபோட முடியாது.

இன்னொன்றையும் மேலாளருக்கு விளக்க வேண்டியிருக்கும். மாதிரி சிறிதாக இருக்கும்போது பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுவதில்லை. பெரும்பாலான முடிவுகள் உண்மைத் தரத்தைவிடக் குறைவாக வரும், சில மட்டும் மிக உயர்ந்து வரும். சராசரி எடுத்தால் சரியாக இருக்கும், தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றும். இதை அறியாமல் அந்த உயர்ந்த மதிப்புகளை "விதிவிலக்கு" என்று வெட்டிக் குறைத்துவிடுகிறார்கள். கையிருப்பு மதிப்பீட்டில் உச்ச வரம்பு வைப்பது சில நேரங்களில் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மாதிரி நிறை போதாததால் எழுந்த உச்சத்தை வெட்டினால், தாழ்ந்த மதிப்புகளில் விடுபட்டுப்போன தங்கத்தை ஈடுசெய்யும் ஒரே கணக்கையும் அழித்தவர்களாகிறோம். ஆலையில் கிடைக்கும் தங்கம் மதிப்பீட்டைவிடத் தொடர்ந்து கூடுதலாக வரும் சுரங்கங்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் உலைமேசையோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. கணக்கு பொருந்துகிறது என்பதற்காக ஆய்வகத்தை முன்கூட்டியே விடுவித்துவிடக் கூடாது. தங்கம் தகடாக நசுங்கும் உலோகம். உடைவதைவிடப் பூசிக்கொள்வதே அதன் இயல்பு. உயர்ந்த தரமுள்ள மாதிரியை அரைத்த கிண்ணத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியோடு கலக்கும். இடையில் வெற்றுக் குவார்ட்ஸை அரைத்துக் கிண்ணத்தைத் துடைக்கிறார்களா, அந்தக் குவார்ட்ஸையும் எப்போதாவது ஆய்வுக்கு உட்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். நீங்களும் அறிவிக்காமல், தங்கமே இல்லாத வெற்று மாதிரிகளையும் தரம் முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு பொடிகளையும் இடையிடையே செருகி அனுப்புங்கள்.

உலைமேசை:

கிண்ணத்தைத் துடைப்பது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கண்ணில் தங்கம் தெரிந்த மீட்டருக்கு அடுத்தே வெற்று மாதிரியைச் செருகினால்தான் அது எதையாவது காட்டிக்கொடுக்கும், எங்கோ தொலைவில் செருகுவதால் பயனில்லை. ஸ்டாண்டர்டு பொடியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. அது நன்றாக நுணுக்கி, கலந்து, சீராக்கப்பட்ட பொருள். அதில் ஆய்வகம் சரியான மதிப்பைத் தந்தால், உலையும் இளக்கியும் (உருகுவதற்காகச் சேர்க்கும் பொருள்) கருவியும் ஒழுங்காக இருக்கின்றன என்று மட்டுமே பொருள். உங்கள் கரடுமுரடான தாதுவை அவர்கள் சரியாகப் பிரித்தார்களா என்பதை அந்தப் பொடியால் ஒருபோதும் சொல்ல முடியாது. ஸ்டாண்டர்டுகள் எல்லாம் தேறிவிட்டன, ஆகவே எண்கள் நம்பத்தக்கவை என்று எழுதிய அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பிழை எந்தப் படியில் நுழைகிறது என்பதைக் கண்டறிய நகல்களைப் படிவாரியாக எடுங்கள். களத்தில் ஸ்பிளிட்டரிலிருந்து இரண்டாவது 3 கிலோ. ஆய்வகத்தில் 2 மில்லிமீட்டருக்கு உடைத்தபின் இரண்டாவது 250 கிராம். அரைத்தபின் இரண்டாவது 30 கிராம். ஒவ்வொரு இணையிலும் இரண்டு மதிப்புகளின் வித்தியாசத்தில் பாதியைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். பொடி நகல்களில் பத்துக்கு ஒன்பது இணைகள் 10 விழுக்காட்டுக்குள்ளும், உடைத்த நிலை நகல்களில் 20க்குள்ளும், கள நகல்களில் 30க்குள்ளும் அடங்கினால் நல்லது என்பது தொழிலில் புழங்கும் ஒரு நடைமுறை அளவு. கரடுமுரடான தங்கத்தில் அது எளிதில் எட்டாது; ஆனால் எந்தப் படியில் திடீரென்று தாவுகிறது என்பது தெளிவாகிவிடும். களத்தில் பெற்ற இணையின் வித்தியாசத்துக்குள் மற்ற இரண்டு படிகளின் பிழையும் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வர்க்கங்களைக் கழித்துத்தான் ஒவ்வொரு படியின் பங்கையும் பிரிக்க வேண்டும்.

நுண்பொடி:

சல்லடை வழி ஃபயர் அஸ்ஸேயை யாரும் குறிப்பிடவில்லையே. 1 கிலோவை அரைத்து 75 அல்லது 106 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை முழுவதுமாக உருக்கி ஆய்வார்கள். கீழே விழுந்ததிலிருந்து இரண்டு பங்குகளை எடுத்து ஆய்ந்து, நிறையின் விகிதப்படி சேர்ப்பார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள்: சல்லடை மேல் 40 கிராம் தங்கி, அதில் 1.60 மில்லிகிராம் தங்கம் இருந்தது. கீழே விழுந்த 960 கிராமின் தரம் டன்னுக்கு 1.5 கிராம், அதாவது 1.44 மில்லிகிராம். மொத்தம் 3.04. நிறையில் 4 விழுக்காடே உள்ள பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட தங்கம். இந்த விகிதமே உங்கள் தங்கம் எவ்வளவு கரடானது என்பதற்கான சான்று. இறுதித் தரத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் உதவும்.

அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை சயனைடு கரைசலில் உருட்டிக் கரைக்கும் முறையும் உண்டு. சல்பைடுகளுக்குள் சிறைப்பட்ட தங்கம் கரையாது என்பதால் எஞ்சிய கசண்டையும் ஆய வேண்டும். காமாக் கதிரால் தூண்டி அளக்கும் புதிய முறையில் அரை கிலோ அளவு மாதிரியை அரைக்காமலே வைக்கலாம்.

வெண்கல்:

மேலாளரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். ஆய்வகத்தை மாற்றும் பேச்சு இப்போதைக்கு நின்றுவிட்டது. நிறைதான் முக்கியம் என்றால், அடுத்து வரும் வைரத் துளையிடலில் (வைரம் பதித்த முனையால் பாறையைக் குடைவது) உருளையாக வெளிவரும் பாறைத் துண்டான கோரைப் பாதியாக அறுக்காமல் முழுவதையும் அனுப்பிவிடலாமே என்று அவர் கேட்கிறார். அதோடு, இதுவரை உயர்ந்த மதிப்பு காட்டிய பைகளை மட்டும் எடுத்து மறு ஆய்வுக்கு அனுப்பும்படியும் சொல்லியிருக்கிறார். இரண்டும் சரியா?

தாதுக்கணக்கு:

முழுக் கோரை அனுப்பினால் நிறை இரட்டிப்பாகும், பிழையின் வர்க்கம் பாதியாகும். அந்த அளவில் அவர் சொல்வது நியாயமே. ஆனால் பின்னால் யாரும் சரிபார்க்கக் கல்லே மிஞ்சாது. இந்தோனேசியாவின் புசாங்கில் பிரீ-எக்ஸ் நிறுவனம் கோரை முழுவதுமாக உடைத்தே ஆய்வுக்கு அனுப்பியது. உடைத்த மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது 1997இல் மற்றவர்கள் தனியாகத் துளையிட்டுப் பார்த்தபோதுதான் உறுதியானது. அது மோசடி, உங்களுடையது புள்ளியியல் சிக்கல், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனாலும் பாதிக் கோர் பெட்டியில் இருந்தால் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல முடியும். கூடுதல் நிறை வேண்டுமானால் தடிமனான கோரை எடுக்கும்படி துளையிடுங்கள். முழுக் கோரைத்தான் அனுப்புவது என்று முடிவானால், ஒவ்வொரு பெட்டியையும் புகைப்படம் எடுத்து, புவியியல் பதிவை முடித்து, உடைத்தபின் ஒரு பங்கையாவது முத்திரையிட்டு வையுங்கள்.

உயர்ந்த பைகளை மட்டும் மறு ஆய்வுக்கு அனுப்புவதை நான் தடுப்பேன். 7.86 காட்டிய பை அந்தப் பட்டியலில் இடம் பிடித்ததற்குப் பாதிக் காரணம் தரம், பாதிக் காரணம் அன்று மூசைக்குள் ஒரு துணுக்கு கூடுதலாக விழுந்தது. மறு ஆய்வில் சராசரி கட்டாயம் இறங்கும், முதல் ஆய்வு மிகையாகச் சொன்னது என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். 0.3 காட்டிய பைகளை மட்டும் அனுப்பினால் அதே காரணத்தால் எல்லாம் ஏறும். ஆகவே தாதுப் பகுதியைக் கடக்கும் எல்லா மீட்டர்களையும் தர வரிசையில் அடுக்கி, தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சம எண்ணிக்கையில், முடிவைப் பார்க்காமல் குலுக்கிப் பைகளைத் தேர்ந்தெடுங்கள். அவற்றிலிருந்து 1 கிலோ சல்லடை ஆய்வுக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் ஈரமாக வந்ததா, எந்தக் கருவியால் பிரிக்கப்பட்டது என்பதையும் தெரிந்தவரை பக்கத்திலேயே எழுதுங்கள். ஒப்பிடும்போது, தனித்தனிப் பைகளின் மாற்றத்தைப் பார்க்காமல் தேர்ந்த தொகுதி முழுவதன் சராசரியை, ஒவ்வொரு பிரிவும் துளையில் வகிக்கும் பங்கின்படி எடையிட்டு, பழையதோடு புதியதை வைத்துப் பாருங்கள்.